இடது பின்கதவில் ஒரு மேடு

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: சாம்பியன் ரீப்ஸ், எங்கள் லைன், அம்பாசிடர் காரின் இடது பின்கதவில் வசித்து வந்த திரு. பிரைமர் சாம்பல்துரை அவர்கள், நேற்று மாலை வாட்டர் பேப்பர் பட்டு, இயற்கை எய்தாமல் செயற்கை எய்தினார். அன்னார் இதே கதவில் ஏற்கெனவே பலமுறை காலமானவர். அன்னாரின் பூதவுடல் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைக்கப்பட்டுச் சாக்கடையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. மலர்வளையம் வேண்டாம், டீ போதும். இங்ஙனம், விரல் தேய்ந்த டேனி."

இதை நோட்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரோசலின் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டியின் பழைய காருக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்காக நாங்கள் இருவரும் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பாகமும் தேய்த்து முடியும்போது இப்படி ஒரு மரண அறிவிப்பை முன்கண்ணாடியில் ஒட்டுவது என் வழக்கம். ஆன்ட்டி சர்ச்சுக்குக் கிளம்பும்போது நின்று படிப்பார். சிரிக்க மாட்டார். "இன்னாடா, செத்தவருக்கு வாரிசு யாருன்னு போடலியே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். அன்று வாசல் முழுக்கச் செருப்புகள் கிடந்தன. உள்ளே இருந்து வந்த என் அம்மா என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், வாங்கினாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆன்ட்டி போயிட்டாங்கடா. தூக்கத்துலயே" என்றாள்.

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். பி.யூ.சி. இரண்டாம் வருடம் படிக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? அம்மா என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த நினைவுக் கூட்டத்து மடலில் ஆன்ட்டியைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, போதகர் என் பெயரைச் சொன்னார். கடைசி மாதங்களில் கூடவே இருந்தவன் நான்தான் என்பது காரணம். விளையாட்டு வேண்டாம் என்பது நிபந்தனை. முயற்சி செய்கிறேன். ஆனால் விளையாட்டை எடுத்துவிட்டால் எனக்கும் ஆன்ட்டிக்கும் நடுவில் வெறும் தண்ணீரும் தாளும்தான் மிஞ்சும்.

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் ரோசலின் ஆன்ட்டி. விடியற்காலை ரயிலில் போய் இருட்டின பிறகு திரும்பி வந்த காலம் போய், ஓய்வு பெற்று, கணவரையும் அடக்கம் செய்துவிட்டு, அவர் விட்டுப்போன பச்சை அம்பாசிடரோடு தனியாக இருந்தார். எதற்கும் அவசரப்பட மாட்டார். நீங்கள் அழுதுகொண்டு போனாலும், கத்திக்கொண்டு போனாலும் முதலில் வருவது ஒரே வாக்கியம்தான்: "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க." நான் ஒருமுறை, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் வரிசை வீடுகளை நினைத்து, "பொறந்ததே லைன் வீட்டுல, இன்னும் எங்க ஆன்ட்டி லைன்ல இருக்கிறது?" என்றேன். "அதான் சொல்றேன், இருக்கிற எடத்துலயே இரு" என்றார்.

அந்தப் பச்சை எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்து, விரலால் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். போன ஈஸ்டருக்கு வந்த அவர் மகன் ஃபிராங்க்ளின் அண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சவம் மாதிரி நிக்குது. வித்துடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. அம்மாவுக்கு வயதாகிறது, தனியாக வண்டி ஓட்டுகிறார், தான் பெங்களூரில் இருக்கிறோம் என்ற கவலை. ஆனால் அந்தக் கார் நின்றால் நிற்பது கார் மட்டும் இல்லை. புதன்கிழமை தோறும் நம் லைன் சூசை தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அந்தக் கார்தான். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் பாறைப் பொடியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர் தாத்தா. ஆட்டோவில் குலுங்கினால் அவருக்கு மூச்சு முட்டும். "ஓசியில வாங்குறது இந்த மூச்சு ஒண்ணுதான். அதுவும் கஷ்டமா கீது" என்று சொல்லிக்கொண்டே முன்சீட்டில் ஏறுவார்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த லைனில் என்னிடம் ஏமாறாத ஆள் கிடையாது. பால்காரர் சைக்கிளில் கல்யாண மாலை தொங்கியது என் கைவரிசை. பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்களுக்குள் கிரிக்கெட் அட்டவணை வைத்ததும் நானே. என்னை ஏமாற்ற ஓர் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஈஸ்டர் முடிந்த வாரம், வெளுத்துப்போன அந்தப் பானெட்டில் ஈரவிரலால், "என்னைக் குளிப்பாட்டி எத்தனை நாள் ஆயிற்று?" என்று எழுதிக்கொண்டிருந்தேன். நான் திரும்பியபோது ஆன்ட்டி கையில் பக்கெட்டோடு நின்றிருந்தார். திட்டவில்லை. "கேள்வி நீ கேட்டுட்டே. பதிலும் நீயே சொல்லிடு" என்று பக்கெட்டை நீட்டினார். அன்று ஆரம்பித்தது.

சோப்புப் போட்டுக் கழுவி முடித்ததும், "பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்கிட்டா அண்ணன் மனசு மாறிடும் இல்ல ஆன்ட்டி?" என்று கேட்டேன். ஆன்ட்டி துணியைப் பிழிந்து உதறினார். "பெயிண்ட் அடிக்கறது ஒரு நாள் வேலைடா. அதுக்கு வண்டியைத் தயார் பண்றதுதான் வேலை" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் டெலிபோன் தெரியும். பெங்களூரில் இருக்கிற பெயிண்ட் கடைகளுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் ஒவ்வொன்றாகப் போன் போட்டு, ஆபரேட்டர் குரலில், கன்னடத்தில் ஒருவரிடம், தெலுங்கில் ஒருவரிடம், இங்கிலீஷில் ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டார். யாரும் போனை வைக்கவில்லை. அந்தக் குரலுக்கு யாரும் வைக்க மாட்டார்கள். முதலில் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெயிண்ட் பிடிக்காமல் கொப்பளிக்கும் என்று தெரிந்துகொண்டோம். "பேரு தின்னர், ஆனா தின்னக் கூடாது" என்றேன். விளக்குகளையும் வெள்ளிப் பட்டைகளையும் கழற்றினோம். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாளை ஒட்டினோம். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்க்கும் வேலை. பச்சைத் தண்ணீர் வாசலில் ஓடியது. துரு தின்ற இடங்களில் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, அது காய்ந்ததும் அதையும் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். "பட்டி பார்க்கும் பாட்டி" என்று நான் ஆரம்பித்தபோது முதுகில் ஈரத்துணி விழுந்தது. "யார்ரா பாட்டி?"

ஆடிக் காற்றில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. தங்கத்தை எடுத்துக்கொண்டு சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மேட்டுப் பொடி காற்றில் பறந்து வந்து வீடெல்லாம் படியும் மாதங்கள் அவை. மாவு மாதிரி இருக்கிற பொடி. அந்தக் காலத்தில் இதைப் போட்டுப் பித்தளை தேய்த்தவர்கள் இந்த லைனில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். தாள் எதற்கு, மலையே இருக்கிறதே என்று ஒரு டப்பா அள்ளி வந்து, ஆன்ட்டி கடைக்குப் போயிருந்த நேரத்தில், வேலை முடிந்து வழவழப்பாக இருந்த பானெட்டில் தண்ணீரோடு குழைத்து முழு பலத்தோடு தேய்த்தேன். துடைத்துப் பார்த்தால் பூனைக் கூட்டம் ஒன்று பானெட்டில் கபடி ஆடியது போல் இருந்தது.

ஆன்ட்டி வந்தார். பார்த்தார். நான் மன்னிப்பை மூன்று மொழிகளில் தயாராக வைத்திருந்தேன். "ஒரு நிமிஷம், லைன்ல இரு" என்று உள்ளே போனவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். பானெட்டைத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். முகத்தில் கோபமே இல்லை. இவ்வளவு பொறுமையான மனுஷி இந்த உலகத்தில் உண்டா என்று நான் அன்று நெகிழ்ந்துபோனேன். அதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா, "கையைச் சோப்புப் போட்டுக் கழுவு முதல்ல" என்றாள்.

அடுத்து, கண்ணை மூடிப் பார்க்கும் வித்தை. தேய்த்து முடித்த தகட்டின்மேல் ஒரு கைக்குட்டையை விரித்து, அதன்மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். இதுவும் போனில் கிடைத்த பாடம். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, ஜெபம் பண்ணுவது போல நின்று, கதவின்மேல் கையை ஓட்டுவார். மற்ற பாகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறிவிட்டன. பக்கத்து ஊரிகத்திலிருந்து பெயிண்ட் தெளிக்கும் கம்ப்ரஸர் வைத்திருப்பவர் ஒருவர் வந்து வண்டி முழுக்கச் பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் சாம்பல் நிறப் பிரைமர் அடித்துவிட்டுப் போனார். தேறாதது இடது பின்கதவு ஒன்றுதான். "இங்க ஒரு மேடு கீதுடா. சின்னதா. தெரியுதா?" என்பார். நானும் கையை ஓட்டி, புருவத்தைச் சுருக்கி, "ஆமா ஆன்ட்டி, கீது" என்பேன். தேய்ப்போம். திரும்பப் பூசுவோம். காயும். திரும்ப மேடு. இந்த வித்தையில் நான் தேறிவிட்டேன் என்று கல்லூரியில் நண்பர்களின் பைக்குகளை எல்லாம் கண்ணை மூடித் தடவிப் பார்த்து, எங்கே அடிபட்டது என்று குறி சொல்லத் தொடங்கினேன். என் உள்ளங்கைக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது.

புதன்கிழமைகளில் மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளை உரித்து, விளக்குகளை மாட்டி, சாம்பல் கார் சூசை தாத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும். வியாழக்கிழமை திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றித் தாள் ஒட்ட ஒரு மாலை போய்விடும். "ஒரேயடியா முடிச்சுட்டா இந்த வேலை மிச்சம்" என்றேன் ஒருநாள். தாத்தா சிரித்தார். ஆன்ட்டி அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருமலாக மாறியது. அதை நோய் என்றே நான் நினைத்தேன்.

ஃபிராங்க்ளின் அண்ணன் இடையிடையே வருவார். "இன்னுமா முடியல?" என்பார். ஆன்ட்டி அமைதியாக, "டேனியக் கேளு" என்பார். உடனே நான் பட்டியைப் பற்றியும், ஈரப்பதம் பற்றியும், காற்றில் வரும் பொடி பிரைமரில் விழுந்தால் என்ன ஆகும் என்பது பற்றியும் ஒரு சொற்பொழிவு ஆற்றுவேன். அண்ணன் என் அறிவுக்கு முன் வாயடைத்து நிற்கிறார் என்பது என் எண்ணம். "கிறிஸ்துமஸுக்குள்ளயாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விடுவார்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஆன்ட்டி போய்விட்டார். அடக்கத்தன்று, சர்ச் வண்டிக்குப் பின்னால் அந்தக் கார் போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கண்ணாடிகளில் ஒட்டிய தாள்களை நான்தான் உரித்தேன். ஒன்று சரியாக வரவில்லை. பின்கண்ணாடி மூலையில் ஒரு துண்டுச் செய்தித்தாளோடுதான் போனது. நிறமே இல்லாத கார் துக்கத்துக்கு ஏற்ற நிறமாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னதை நீங்கள் சிலர் கேட்டிருப்பீர்கள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு, ஃபிராங்க்ளின் அண்ணன் காரின் பக்கத்தில் நின்று இடது பின்கதவை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவை நினைத்துக்கொள்கிறார் என்று நான் தள்ளி நின்றேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவர் என்னைக் கூப்பிட்டார். பெயிண்ட்டை அடித்து முடித்துவிடச் சொன்னார். வாங்குவதற்கு ஆள் ஈஸ்டரிலிருந்தே தயாராக இருக்கிறாராம். முதலில் பெயிண்ட், பிறகு விற்பனை என்பதுதான் அம்மாவோடு தான் செய்துகொண்ட ஏற்பாடு என்றார். பெயிண்ட் அடித்தால் கார் தங்கும் என்று இத்தனை மாதம் தேய்த்தவன் நான். பெயிண்ட் அடித்தால் கார் போய்விடும் என்கிறார் இவர். பாவம், ஆன்ட்டி இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே போய்விட்டார் என்று வருத்தப்பட்டேன்.

அன்றே முடிவு செய்தேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய குறும்பு இதுதான். பெயிண்ட் அடிக்கவே மாட்டேன், அடிக்காததற்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதன் பிறகு வாரம் தவறாமல் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். பனி இறங்குகிறது, காயாது. மேட்டுப் பொடி பறக்கிறது. நல்ல தாள் கிடைக்கவில்லை. இடது பின்கதவில் இன்னும் ஒரு மேடு. எல்லாவற்றுக்கும் "சரி" என்றே பதில் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

போன புதன்கிழமை அண்ணன் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நான் வாசலில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடு எங்கடா?"

"இங்கதான் ண்ணா. கைக்குட்டை போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே அவர் அம்மா நின்ற மாதிரி. "எனக்கு ஒண்ணும் தெரியல. அடக்கத்தன்னிக்கே தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி கீது. உனக்குத் தெரியுதா?"

"தெரியுது ண்ணா."

"அம்மாவும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தாங்க. பொடி பறக்குது, தாள் கிடைக்கல, பின்கதவுல மேடு. நீ அனுப்புற மெசேஜெல்லாம் அப்படியே அவங்க போன்ல சொன்னதுதான். ஒரு வார்த்தை மாறல." அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "தேய்ச்சுக்கினு இருக்கிற வண்டிய எவன்டா வாங்குவான்? அவங்க வேணும்னே இழுத்தடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுதான் விட்டேன். உனக்குத் தெரியாதா?"

என் கையிலிருந்த தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்கண்ணாடித் தாளை உரித்து மடித்து வைத்தார். ஆன்ட்டி போனதிலிருந்து ஆட்டோவில் குலுங்கிப் போய்வந்த சூசை தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். வாங்குகிறவரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருப்பதாகவும், முடிந்த புதன்கிழமைகளில் தானே வருவதாகவும் சொன்னார். முடியாத புதன்கிழமைக்கு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

ஆன்ட்டியைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று இந்த இடத்தில் எழுத வேண்டுமாம். பொறுமையை என்று எழுதி அடித்துவிட்டேன், அது பொறுமை இல்லை. உழைப்பை என்று எழுதினேன், உழைத்தது நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவில் எந்த மேடும் என் கைக்கு ஒருநாளும் தட்டுப்பட்டதில்லை. தெரியவில்லை என்றால் ஆன்ட்டி என்னை மட்டமாக நினைப்பாரோ என்று, முதல் நாளே "கீது" என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து இறங்கி வரத் தெரியவில்லை. இல்லாத மேட்டை நான் இருக்கிறது என்று சொன்ன அந்த நிமிடத்திலேயே, தனக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரி நண்பர்கள் மன்னிக்கவும், உங்கள் பைக்குகளைப் பற்றி நான் சொன்ன குறி எல்லாம் உளறல்.

லைனையே ஏமாற்றியவன் நான். என்னை ஒருவர் ஈஸ்டரிலிருந்து ஏமாற்றியிருக்கிறார், டீயும் கொடுத்து. அந்த மாலைகளில் ஒன்றைக்கூட யாரிடமும் திருப்பிக் கேட்க மாட்டேன். அவைதான் நான் வைத்துக்கொண்டவை.